அரிசி அடுக்குக்கு அந்தப் பக்கம்

சம்பள வாரம் வந்துவிட்டால் எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காது. வேலை முடிந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல், தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரைக்கும் ஒவ்வொரு வாசலிலும் நின்று, ஞாயிற்றுக்கிழமை மலையிறங்கி ஈப்போ போகிறோம், வருகிறாயா என்று கேட்டுக்கொண்டே போவேன். சும்மா கேட்பதில்லை. கெஞ்சுவேன், மிரட்டுவேன், போன மாதம் வராதவளைச் சாடையாக நாலு வார்த்தை சொல்லுவேன். வேன்காரன் எனக்குக் கமிஷன் கொடுக்கிறான் என்று லைனில் ஒரு பேச்சுகூட இருந்தது. கொடுத்திருந்தால் வாங்கியிருப்பேன்தான், ஆனால் நான் அலைந்தது அதற்காக இல்லை. பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தன் மகளைப் பார்க்க அந்த வேனை விட்டால் வேறு வழி கிடையாது. வேன் நிறையாவிட்டால் கிளம்பாது. நான் அலைந்த அலைச்சலுக்கு அதுதான் காரணம்.

அக்காவின் மகள் ஈப்போவில் வேலைக்குப் போன இடத்தில் தானே ஒருவனைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். தமிழ்ப் பையன்தான். நல்ல வேலை, குடி கிடையாது, மரியாதையாகப் பேசுவான். மாமாவைக் கேட்கவில்லை என்பது ஒன்றுதான் குற்றம். மாமா என்று நான் சொல்வது அக்காவின் வீட்டுக்காரரை. தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் பகுதியிலேயே வாழ்நாளைக் கழித்து ஓய்வு பெற்றவர். மகள் பேச்சை வீட்டில் எடுக்கக் கூடாது, அவள் இங்கே வரக் கூடாது, அவள் வீட்டு வாசலை அக்கா மிதிக்கக் கூடாது என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிட்டார். சொன்ன சொல்லை மாற்றுகிற வழக்கம் அவருக்குக் கிடையாது. அதைப் பெருமையாக வேறு வைத்திருந்தார்.

போனில் பேசிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். பேசினார்கள். இலை எடுக்கப் போகிற மேட்டில் போன் சிக்னல் நன்றாகக் கிடைக்கும். சாப்பாட்டு நேரத்தில் அக்கா அங்கே நின்று பேசுவாள். ஆனால் மகளுக்கு ஒரு பையன் பிறந்துவிட்டான். போனில் தெரிகிற குழந்தையைத் தூக்க முடியாது, மோந்து பார்க்க முடியாது. அதனால் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஈப்போவின் பெரிய சூப்பர்மார்க்கெட்டில், அரிசி அடுக்கியிருக்கும் வரிசையில் தாயும் மகளும் பார்த்துக்கொண்டார்கள். மாமா தடுத்தது மகள் வீட்டைத்தான், சூப்பர்மார்க்கெட்டை இல்லையே என்பது அக்காவின் கணக்கு. வீட்டில் அதற்குச் சாமான் வாங்கப் போவது என்று பேர். வேனில் வருகிற பெண்கள் எல்லாருக்கும் விஷயம் தெரியும். ஒருத்தியும் மூச்சு விடவில்லை. தங்கள் புருஷன்மாரிடம்கூடச் சொல்லவில்லை என்பதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

இந்த மலையில் கடைக்கு ஒன்றும் பஞ்சமில்லை. பக்கத்து டவுன் பிரிஞ்சாங்கில் இறங்கினால் மினி மார்க்கெட் இருக்கிறது, பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தை இருக்கிறது, அவித்த சோளத்திலிருந்து ஸ்ட்ராபெரி படம் போட்ட தலையணை வரை எல்லாம் கிடைக்கும். ஆனால் அது சுற்றுலா வருகிறவர்களுக்காகப் போட்ட விலை. நான் வேலை செய்வதே தோட்டத்துத் தேநீர்க் கடையில்தான். கண்ணாடிக்கு வெளியே தேயிலைச் சரிவைக் காட்டிக் கேக் விற்கிறோம். விலை எப்படி ஏறுகிறது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். அதனால் அரிசி, எண்ணெய், மாவு, சோப்பு என்று மொத்தமாக வாங்குகிற சாமானுக்கு லைன் பெண்கள் கீழே இறங்குவதுதான் வழக்கம். பெரிய கட்டாக வாங்கி, திரும்பி வந்ததும் நடையில் வைத்துப் பிரித்து, ஆளுக்குக் கொஞ்சமாகப் பங்கு போட்டுக்கொள்வோம்.

அதற்கும் முன்னால் தோட்டத்துக்குள்ளேயே ஒரு கடை இருந்தது. இப்போது அதைப் பற்றிப் பேச்சு வந்தால் சிலருக்குக் கண் கலங்குகிறது. எனக்குக் கலங்காது. வண்டு விழுந்த பருப்பை நிறுத்துப் போட்டுவிட்டு, கேட்டால் கழுவினால் போய்விடும் என்று சொன்ன கடை அது. தராசில் கடைக்காரரின் கட்டைவிரலும் சேர்ந்து உட்கார்ந்திருக்கும். அதை மூடியபோது நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. ஈப்போவில் அந்தப் பெரிய கடையை முதல் தடவை பார்த்தபோதுதான் எனக்கு வாய் பிளந்துவிட்டது. யாரும் என் பின்னால் நின்று என்ன வேண்டும், சீக்கிரம் சொல்லு என்று அதட்டவில்லை. ஒரு டின்னை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப வைக்கலாம். அந்தச் சுதந்திரத்துக்காகவே நான் அங்கே போனேன் என்றுகூடச் சொல்லலாம்.

விடிவதற்கு முன்பே கிளம்பிவிட வேண்டும்; இல்லாவிட்டால் திரும்பி வருகிறபோது சுற்றுலாக் கார்கள் சாலையை அடைத்துக்கொள்ளும். எல்லாரும் ஸ்வெட்டரோடுதான் வேனில் ஏறுவோம். கம்போங் ராஜா தாண்டி இறங்க இறங்க ஒவ்வொருத்தியாகக் கழற்றிப் போட, சிம்பாங் பூலாய் வருகிறபோது பின் சீட்டில் ஒரு குவியல் கிடக்கும். கடைக்குள் நுழைந்தால் குளிர்காற்று முகத்தில் அடிக்கும். உடனே ஒருத்தி, ஸ்வெட்டரை வேனிலேயே விட்டுவிட்டோமே என்று ஆரம்பிப்பாள். மலையில் பிறந்து வளர்ந்துவிட்டு, கீழே வந்து ஒரு கடைக்குள் நடுங்குகிற கூட்டம் நாங்கள். அக்கா மட்டும் எதையும் கவனிக்காமல் தள்ளுவண்டியை இழுத்துக்கொண்டு நேராக அரிசிப் பக்கம் நடந்துவிடுவாள். மூட்டைகள் அங்கே ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கியிருக்கும். அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று இந்தப் பக்கம் தெரியாது.

அக்கா வாங்க வேண்டியதையும் நானே எடுத்து என் வண்டியில் போட்டுக்கொள்வேன். எங்கள் இரண்டு வீட்டுச் சாமானும் எனக்கு மனப்பாடம். அவளுக்கு அந்த நேரம் முழுவதும் பேரனுக்குத்தான்.

இந்த நிலையில்தான் மாமா போனில் சாமான் வாங்கக் கற்றுக்கொண்டார். சொல்லிக்கொடுத்தது வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர்தான். அதற்காக நான் அவரோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவம், என்ன தப்பு செய்தோம் என்று தெரியாமல் விழித்தார். சொன்னால் அன்றைக்குச் சாயங்காலமே மாமா காதுக்குப் போய்விடும் என்பதால் நானும் சொல்லவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு மாமாவுக்கு வீட்டில் செய்ய ஒன்றுமில்லாமல் இருந்தது. சைரன் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பார், பிறகு உட்காருவார். போன் வந்ததும் ஆள் மாறிவிட்டார். பார்சல்காரன் லைன் வரைக்கும் ஏறி வர மாட்டான். தோட்ட வாசலில் காவல்காரர் கொட்டகையில் எல்லாப் பெட்டியையும் இறக்கிவிட்டுப் போய்விடுவான். மாமா தினமும் மத்தியானம் அங்கே போய், தன் பெட்டியோடு மற்றவர்கள் பெட்டியையும் ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து வீடு வீடாகக் கொடுத்தார். பிள்ளைகள்கூட அவரைத் தேட ஆரம்பித்தார்கள். முகத்தில் ஒரு களை வந்துவிட்டது. அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, நல்லாவும் இருந்தது. ஒரு மனுஷன் மேல் முழுசாகக் கோபப்படக்கூட விட மாட்டேன் என்கிறாரே என்று அதற்கும் ஓர் எரிச்சல்.

"இனிமே எதுக்கு அவ்ளோ தூரம் வளைஞ்சு வளைஞ்சு போயி வாந்தியெடுத்துக்கிட்டு வரணும்? எல்லாம் கேட்டுக்கே வந்துருதுலா" என்றார் அக்காவிடம்.

அக்காவின் சாக்குகள் ஒவ்வொன்றாக உதிர்ந்தன. அரிசியைக் கண்ணால் பார்த்து வாங்க வேண்டும் என்று சொல்லிப் பார்த்தாள். தைத்து மூடிய மூட்டைக்குள் எதைப் பார்ப்பாய் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். மானிய விலைப் பாக்கெட் எண்ணெய் போனில் கிடைக்காது என்று நான் எடுத்துக் கொடுத்தேன். அது கொஞ்ச காலம் தாங்கியது. பிறகு பிரிஞ்சாங் மினி மார்க்கெட்டில் யாரையோ பிடித்து அதையும் வரவழைத்துவிட்டார். பலகாரத்துக்கு நல்ல மாவு, பூசைக்குக் கற்பூரம், கால் வலிக்கு ஒரு தைலம் என்று நாங்கள் எதைச் சொன்னாலும் ஐந்து நிமிடத்தில் போனை நீட்டி, இதுவா பார் என்பார். அதுவேதான் அங்கே இருக்கும். இந்த உலகத்தில் போனில் கிடைக்காத ஒரு சாமானைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று நான் தேநீர்க் கடையில் தட்டுகளைத் துடைத்துக்கொண்டே யோசித்த நாட்கள் உண்டு.

அவர் ஒரே ஒரு தடவை சறுக்கியது முட்டைக்கோஸில். போனில் கோஸ் வாங்கிவிட்டார். திரிங்காப் சரிவில் விளைந்த கோஸ் அது. லோரியில் மலை இறங்கி, கீழே எங்கேயோ பிளாஸ்டிக் சுற்றப்பட்டு, மேலே பச்சை எழுத்தில் எங்கள் மலையின் பேரையே அச்சடித்துக்கொண்டு, திரும்பவும் மலையேறி எங்கள் லைனுக்கு வந்து சேர்ந்திருந்தது. மேல் இலை பழுத்துப்போயிருந்தது. காய்கறித் தோட்டக்காரர்களைத் தெரிந்தவர்கள் வீட்டில் கோஸ் சும்மாவே உருண்டு கிடக்கிற இடம் இது. இலவசமாகக் கொண்டுவந்து கொடுக்க இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டும் என்று போன் கேட்டதாம், அதனால் சேர்த்தாராம். லைனே சிரித்தது. என் சிரிப்புதான் எல்லாரையும்விடச் சத்தமாகக் கேட்டிருக்கும். அக்கா சிரிக்கவில்லை, பழுத்த இலையை உரித்துப் போட்டுவிட்டுப் பொரியல் செய்து வைத்தாள். மாமா அதற்குப் பிறகு இன்னும் பிடிவாதமாக வாங்கினார்.

மற்றவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. என்னையே எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் வேனுக்கு ஆள் பிடித்துவிட்டு, ராத்திரி படுத்துக்கொண்டு ஷாம்பு வாங்குகிறேன், சலவைத் தூள் வாங்குகிறேன். விரல் நிற்க மாட்டேன் என்கிறது. ஒவ்வொரு பெட்டி வரும்போதும், ஈப்போவில் எடுக்க வேண்டியது ஒன்று குறைந்துவிட்டதே என்று தோன்றும். தோன்றினால் என்ன, அடுத்த வாரம் இன்னொன்று வாங்குவேன். எங்கள் லைனில் ஒவ்வொருத்தியும் இப்படித்தான். முதலில் பெரிய வேன் போனது, பிறகு சின்ன வேன், பிறகு அதிலும் பின் சீட்டு காலி. வேன்காரன் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். அவனுக்கும் வயிறு இருக்கிறது.

கடையும் கண்ணெதிரே காய்ந்துகொண்டு வந்தது. முதலில் மாடியை மூடினார்கள். தானாக ஏறும் படிக்கட்டை நிறுத்தி, குறுக்கே ஒரு சங்கிலியைப் போட்டார்கள். பணம் வாங்குகிற பெண்களைக் குறைத்துவிட்டு, சாமானை நாமே காட்டிப் பணம் கட்டிக்கொள்ளும் மிஷின்களை வைத்தார்கள். எண்ணெய்ப் போத்தல்கள் வரிசையாக நிற்கும். ஒன்றை எடுத்தால் பின்னால் ஒன்றும் இருக்காது. நிறைய இருப்பது போலக் காட்ட எல்லாவற்றையும் முன் ஓரத்துக்கு இழுத்து வைத்திருந்தார்கள். அங்கே வேலை செய்கிற ஒரு மலாய்ப் பெண் எனக்குப் பழக்கம். பாதி இடத்தைப் பேட்மிண்டன் விளையாட வாடகைக்கு விடப்போகிறார்களாம் என்று சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள், ஆனால் கண் சிரிக்கவில்லை. இந்தப் பெரிய கடைகள் இனி என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. நம்மைப் போன்றவர்கள் மாதாமாதம் இறங்கி வந்து நிரப்புவோம் என்று நம்பிக் கட்டிய கட்டடம். நாமோ போர்வைக்குள் படுத்துக்கொண்டு போனைத் தடவுகிறோம். அந்தப் பெண்ணைப் பார்த்து நானும் சிரித்துவைத்தேன்.

மூடப்போகிறார்கள் என்ற செய்தி போனிலேயே வந்தது. எல்லாச் சாமானும் பாதி விலை, இருக்கிறவரைக்கும்தான் என்று படத்தோடு போட்டிருந்தார்கள். லைனில் அன்றைக்கு வேறு பேச்சே இல்லை. இத்தனை மாதமாக வர மாட்டேன் என்று சொன்னவள் எல்லாம் என்னைத் தேடி வந்து இடம் கேட்டாள். பெரிய வேனையே திரும்பச் சொல்லிவிட்டோம். நான் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோது, மாமா தன் வாசலில் நின்றபடி, எனக்கும் ஓர் இடம் போடு என்றார். விலை இவ்வளவு இறங்கியிருக்கும்போது பெண்களை மட்டும் அனுப்பினால் உருப்படியாக எடுக்க மாட்டார்களாம், அவரே வந்து பார்க்க வேண்டுமாம். அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஒரே துண்டை எடுத்து எடுத்து உதறிக்கொண்டே இருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மாமா முன் சீட்டில் வேன்காரனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார். அக்கா பின்னால் என்னோடு உட்கார்ந்தாள். அன்றைக்கு யாரும் சத்தமாகப் பேசவில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒரு விஷயத்தை முன் சீட்டில் இருக்கிற ஒருவருக்குத் தெரியாமல் வைத்திருப்பது அவ்வளவு சுலபம் இல்லை. சிம்பாங் பூலாய் வந்து போன் சிக்னல் கிடைத்ததும், மகளுக்கு வராதே என்று செய்தி அனுப்பலாம் என்று போனை எடுத்தேன். அக்கா என் கையைப் பிடித்துவிட்டாள்.

"அனுப்பாத. இன்னிக்கு விட்டா இனிமே எந்தக் கடையில போயி நான் அவளப் பாப்பேன்?" என்று காதோடு சொன்னாள்.

மாமாவைக் கடையின் அந்தக் கோடிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவது என்று முடிவு செய்தேன். சார்டின் மீன் டின் இருக்கிற பக்கம் அரிசிக்கு நேர் எதிர் மூலை. அங்கே ஜனம் முட்டி மோதிக்கொண்டிருந்தது. மாமா, இதைப் பாருங்கள், அதைப் பாருங்கள் என்று நான் ஏதேதோ எடுத்து நீட்டினேன். எனக்கே வேண்டாத ஒரு தோசைக்கல்லை எடுத்துவைத்து, இது கனமா, லேசா என்று விளக்கம் கேட்டேன். அவர் தட்டிப் பார்த்துப் பொறுமையாகப் பதில் சொன்னார். பாவமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில், மாவு எத்தனை எடுப்பது என்று ஒங்க அக்காவைக் கேட்டுவிட்டு வருகிறேன் என்று வண்டியைத் திருப்பினார். நான் கேட்டு வருகிறேன் என்றேன். காதில் வாங்கவில்லை.

நான் ஒன்றை யோசிக்கவே இல்லை. கடையில் சரக்கு தீர்ந்துவிட்டது. மாவு இருந்த வரிசைக்கும் அரிசி இருந்த வரிசைக்கும் நடுவில் வெறும் இரும்புச் சட்டங்கள்தான் நின்றன. இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் அப்படியே தெரிந்தது. அங்கே தரையில் கிடந்த கடைசி இரண்டு மூட்டைகளின் மேல் மகள் உட்கார்ந்திருந்தாள். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு மெல்ல ஆட்டிக்கொண்டிருந்தாள். அது அவள் மூக்குத்தியைப் பிடிக்க எட்டியது.

மாமா வண்டியை நிறுத்திவிட்டு நின்றார். முதலில் மகள்தான் பார்த்தாள், சட்டென்று எழுந்தாள். அக்கா திரும்பினாள். ஓடுவாள், குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு ஏதாவது பொய் சொல்லுவாள் என்று நான் நினைத்தேன். அவள் குழந்தையோடு நேராக அந்தச் சட்டத்துக்குக் கிட்டே நடந்து வந்தாள். அவள் முகத்தில் பயம் இருந்தது. இருந்தும் வந்தாள்.

"ஒங்க பேரன். இந்தப் பக்கம் வந்து தூக்குங்க" என்றாள்.

அவர் கை சட்டத்தைப் பிடித்திருந்தது. குழந்தை அந்த விரல்களையே பார்த்தது. வரிசையைச் சுற்றி அந்தப் பக்கம் போக எத்தனை எட்டு, ஓர் இருபது இருக்குமா? போங்கள் மாமா, போங்கள் என்று எனக்குத் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. மகள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். பிறகு கையை எடுத்தார், வண்டியைத் திருப்பிக்கொண்டு பணம் கட்டுகிற பக்கமாகப் போனார்.

"அப்ப நான் இன்னிக்கு வரல" என்று அக்கா அவர் முதுகைப் பார்த்துச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. "கொஞ்ச நாளு புள்ளையோட இருந்துட்டு வரேன்."

அவர் திரும்பவில்லை. எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தோசைக்கல்லை அவர் வண்டியிலேயே வீசியிருப்பேன். அக்கா என்னிடம், கொடியில் துணி கிடக்கிறது, எடுத்து வைத்துவிடு என்றாள். அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவாள் என்று தெரிந்தது. நான் சரி என்று தலையாட்டிவிட்டு மாமாவின் பின்னால் ஓடினேன்.

அவர் மிஷினுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். எந்த மிஷினும் அவரிடம் வாலாட்ட முடியாது, அவ்வளவு கெட்டிக்காரர். அன்றைக்கு ஒரே சார்டின் டின்னைத் திரும்பத் திரும்ப அதன் கண்ணாடியில் காட்டிக்கொண்டே இருந்தார். மிஷின் கத்தியது. அந்த மலாய்ப் பெண் வந்து எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போட்டுக் கொடுத்தாள். மாமா அவளுக்கு நன்றி சொன்னார். வழக்கமாகச் சொல்லுகிற மாதிரியே சொன்னார்; அது எனக்கு இன்னும் கோபத்தை உண்டாக்கியது.

திரும்பும்போது முன் சீட்டு முழுக்கச் சாமான் ஏறிவிட்டது. மாமா பின்னால் வந்து எனக்குப் பக்கத்தில், அக்கா உட்கார்ந்து வந்த இடத்தில் உட்கார்ந்தார். நான் சன்னலோடு ஒட்டிக்கொண்டேன். பாதி விலைக்கு வாங்கிய பைகள் வளைவுக்கு வளைவு சரிந்து விழுந்தன; எடுத்து வைக்கக்கூட ஒருத்தியும் குனியவில்லை. எனக்கு உட்கார முடியவில்லை. இந்த மனுஷனோடு இனி ஒரு வார்த்தை பேசக் கூடாது, லைனில் நேருக்கு நேர் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். காய்கறி லோரிகள் எதிரே இறங்கிக்கொண்டிருந்தன. கம்போங் ராஜாவில் குளிர் தொடங்கியது.

"புள்ளைக்கு என்னா பேரு வச்சிருக்காங்க?" என்று கேட்டார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. முன் சீட்டின் முதுகைப் பார்த்துக் கேட்டார்.

சொல்லக் கூடாது என்றுதான் இருந்தேன். நேரில் போய்க் கேளுங்கள் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். பேரைச் சொல்லிவிட்டேன். அவர் உதடு அசைந்தது. யார் வைத்தது என்று கேட்டார். அக்காதான் என்றேன். எப்போது, எங்கே என்று கேட்டார்.

அதையும் சொன்னேன். மாப்பிள்ளைக்குத் தாய் தகப்பன் இல்லை. அம்மா வந்து பேர் சொல்லட்டும் என்று மகள் பேர் வைக்காமலே காத்திருந்தாள். குழந்தையை முதல் தடவை கடைக்குத் தூக்கி வந்த அன்றைக்கு, அக்கா அரிசி மூட்டைகளுக்கு நடுவில் தன் துண்டை விரித்து உட்கார்ந்து, பேரனை மடியில் போட்டு, காதில் மூன்று தரம் பேரைச் சொன்னாள். விளக்கு இல்லை, பூ இல்லை. ஒரு பாக்கெட் சீனியைப் பிரித்து நாக்கில் தொட்டு வைத்தாள். சரக்கு அடுக்க வந்த அந்த மலாய்ப் பெண் வண்டியை நிறுத்திவிட்டு, முடிகிறவரைக்கும் ஒதுங்கி நின்றாள். யாராவது வந்துவிடுவார்களோ என்று வரிசையின் வாயில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

மாமா என் பக்கம் திரும்பினார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"வலது காதுலதான சொன்னுச்சு?" என்றார்.

பேரை வலது காதில் சொல்வதுதான் முறை, ஆனால் எந்தக் காது என்று நான் கவனித்ததே இல்லை. நான் அன்றைக்கு அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

"வலது காதுதான் மாமா" என்றேன்.